வேலியோரத்து வேளை

"கடுகு சிறுத்தாலும் காரம் போகாது" என்பது நம் முன்னோர் வாக்கு. விண்ணரசை விளக்க வந்த ஆண்டவர் இயேசுவும் கடுகு விதையையே எடுத்துக்காட்டினார். இத்தகைய பெருமை பெற்ற கடுகுக்கு, நம் பல்லாவரத்தில் யாரும் கண்டுகொள்ளாத ஏழை உறவினர் இருவர் உண்டு. ஒன்று நாய்வேளை, மற்றொன்று நல்வேளை.

மழை பெய்து ஓய்ந்தபின் ரயில் பாதையோரத்திலும், மலையடிவாரச் சரளை மண்ணிலும், காலி மனைகளிலும் இவை தாமாகவே முளைக்கின்றன. நாய்வேளையின் பூ மஞ்சள் நிறம். தண்டையும் இலையையும் தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும், வாடையும் கடுமையானது. நீண்ட காய்க்குள் கடுகு போன்ற கரிய விதைகள் இருப்பதால், நாய்க்கடுகு என்றும் பெயர். நல்வேளையின் பூவோ வெண்மை. அதன் இலை, விரித்த கைபோல ஐந்து சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும்.

கடுகுப் பூவில் நான்கு இதழ்கள் சிலுவை வடிவில் அமைந்துள்ளன. அதனால்தான் அக்குடும்பத்திற்குச் சிலுவை தாங்கியது என்னும் பொருளில் 'குருசிபெரே' என்று பழைய பெயர் வந்தது. வேளைக்கும் இதழ்கள் நான்கே. ஆனால் அவை ஒரே பக்கமாக நிமிர்ந்து நிற்கும். லின்னேயஸ் என்னும் அறிஞர் 1753-இல் இவ்விரு செடிகளுக்கும் அறிவியல் பெயர் சூட்டினார். பின்னாளில் நடந்த மரபணு ஆராய்ச்சி, வேளைக் குடும்பமே கடுகுக் குடும்பத்திற்கு மிக நெருங்கிய உறவு என்று காட்டியது.

வெயிலில் மற்றச் செடிகள் வாடும்போது நல்வேளை எவ்வாறு தழைக்கிறது? இலைத்துளைகளைத் திறந்தால்தான் செடிக்குக் கரியமில வாயு கிடைக்கும். திறந்தாலோ நீர் ஆவியாகிவிடும். நல்வேளை அவ்வாயுவைத் தன் இலைக்குள் திரட்டி வைத்துப் பயன்படுத்துகிறது. எனவே குறைந்த நீரிலேயே உணவைத் தயாரித்துக்கொள்கிறது. கரும்பும் கேழ்வரகும் கையாளும் வழியும் இதுவே.

நாம் களை என்று பிடுங்கி எறியும் இச்செடிகளுக்கு வேறு இடங்களில் மதிப்பு உண்டு. உத்தராகண்ட் மலைக் கிராமங்களில் நாய்வேளை விதையை 'ஜக்கியா' என்று சொல்லித் தாளிக்கிறார்கள். கென்யா நாட்டுச் சந்தைகளில் நல்வேளைக் கீரை விற்கப்படுகிறது. அதன் கசப்பு நீங்க அங்கே பால் சேர்த்து வேகவைப்பதும் உண்டு.

நம் முன்னோரும் வேளையை அறிந்தவர்களே. புறநானூற்றில் கோப்பெருஞ்சோழன், தன் நண்பர் பிசிராந்தையாரின் நாட்டைச் சொல்லும்போது, வேளையின் வெண்பூவைத் தயிரில் இட்டு ஆயர்குலப் பெண் சமைக்கும் புளிக்கூழை நினைவுகூர்கிறான். சிறுபாணாற்றுப்படையிலோ வேறு காட்சி. பசியால் வாடும் பாணர் வீட்டுப் பெண், குப்பையில் முளைத்த வேளையை நகத்தால் கிள்ளி வந்து, உப்புக்கும் வழியின்றி வேகவைக்கிறாள். பிறர் கண்டால் இகழ்வார்களோ என்று நாணிக் கதவை அடைத்துவிட்டு, சுற்றத்தாரோடு பகிர்ந்து உண்கிறாள். இதைப் பாடிய நத்தத்தனாரின் இடைக்கழிநாடு, நம் செங்கல்பட்டு மாவட்டத்துக் கடலோரத்திலேதான் இருக்கிறது.

ஒரே கீரை, ஓரிடத்தில் நட்பின் நினைவு, மற்றோரிடத்தில் நாணம். அந்த நாணத்திற்குக் காரணம் கீரையா? இல்லை, பார்ப்பவர்களின் ஏளனமே. தோழியரே, டிபன் டப்பாவை மூடியால் மறைத்துக்கொண்டு சாப்பிடும் மாணவி நம் நடுவிலும் இருக்கலாம். அவள் மறைப்பது பழைய சோறாக இருக்கலாம். வெறும் கீரையாகவும் இருக்கலாம். அவள் அருகில் சென்று அமர்ந்து, நம்முடையதை அவளுக்குக் கொடுத்து, அவளுடையதில் நாமும் ஒரு பிடி கேட்டு வாங்கி உண்போம். கதவை அடைக்கத் தேவையில்லாத வகுப்பறையாக நம் வகுப்பறை விளங்கட்டும்.