ஷிப்ட் விடும் நேரத்துக் கண்ணும் காதும்

திருப்பூர் முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு வேலை விடும்போது இரவு 8.30 ஆகிவிடும். சனிக்கிழமை என்றால் கையில் வாரச் சம்பளமும் இருக்கும். செயின் பறிப்பு, செல்போன் பறிப்பு பற்றிய அறிவுரைகள் எல்லாம் இந்த நேரத்தைக் குறிவைத்துத்தான் வருகின்றன. விழிப்பாக இரு, சுற்றிலும் பார்த்து நட என்பார்கள். அந்த நேரத்தில் அதற்கான தெம்பு உடம்பில் மிச்சமிருக்கிறதா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

நாள் முழுக்க ட்யூப்லைட் வெளிச்சத்தில் தையலையே பார்த்த கண், கேட்டைத் தாண்டியதும் இருட்டுக்குள் நுழைகிறது. மங்கலான ஒளியில் நமக்குக் கைகொடுப்பவை விழித்திரையில் உள்ள குச்சிச் செல்கள். அவற்றின் ரொடாப்சின் என்ற நிறமி பளீர் வெளிச்சத்தில் சிதைந்துவிடும். மறுபடி முழுதாக ஊற 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதற்குள் பெரும்பாலோர் லைன் வீட்டுக்கே போய்ச் சேர்ந்திருப்பார்கள். நடுவழியில் போனை எடுத்து ஒருமுறை உற்றுப் பார்த்தால், இருட்டுக்குப் பழகிவந்த கண் மறுபடி தடுமாறும்.

காதின் கதையும் இதேதான். நிட்டிங் மெஷின் இரைச்சலில் மணிக்கணக்கில் நின்றவருக்குக் காது தற்காலிகமாக மந்தமாகும். தெளிய சில மணி நேரம் பிடிக்கலாம். பின்னால் வரும் பைக் எந்தப் பக்கம் வருகிறது என்பதை, ஒலி இரு காதுகளையும் எட்டும் நேர வித்தியாசத்தை வைத்தும் மூளை கணிக்கிறது. அந்த வித்தியாசம் அதிகபட்சமே ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. ஏற்கெனவே மந்தமான காதில் இயர்போனும் ஏறினால், அந்தக் கணக்குக்கு வழியே இல்லை.

இவற்றை எல்லாம்விடப் பெரியது தூக்கம். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டாசனும் ரீடும் 1997இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட சோதனையில், தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் கண்ணும் கையும் ஒத்துழைக்கும் திறன், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது இருப்பவர்களின் அளவுக்கு இறங்கியிருந்தது. நம் மோட்டார் வாகனச் சட்டம் விட்டுக்கொடுக்கும் அளவே 30தான். காலை 4 மணிக்கு எழுந்து சோறாக்கி, பிள்ளைகளுக்கு டிபன் கட்டிவைத்துவிட்டு பனியன் கம்பெனிக்கு வந்த ஓர் அக்காவுக்கு, இரவு 9 மணிக்குச் சரியாக 17 மணி நேரம். அவரிடம் போய் ‘உஷாராக இரு’ என்பது எனக்கு அறிவுரையாகவே படவில்லை.

அவர் விழிப்பாக இருக்க முடியாது என்றால், தெரு விழிப்பாக இருந்தாக வேண்டும். 1979இல் கோஹனும் ஃபெல்சனும் முன்வைத்த விளக்கம் இன்றைக்கும் குற்றவியலில் பேசப்படுகிறது: திருட நினைப்பவன், எளிதில் சிக்கும் பொருள், தட்டிக்கேட்க ஆளில்லாத நிலை, இம்மூன்றும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கூடினால்தான் குற்றம். மூன்றாவதை மாற்றுவதுதான் சுலபம், அதற்கு முதல் தேவை வெளிச்சம். நியூயார்க்கில் 2016இல் அரசுக் குடியிருப்புகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, சிலவற்றில் மட்டும் உயர்ந்த விளக்குக் கம்பங்களை நிறுத்திப் பார்த்தார்கள். அங்கே இரவில் வெட்டவெளியில் நடக்கும் கடுங்குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்தன.

விளக்கு மட்டும் போதாது, பார்க்க ஆளும் வேண்டும். நாலு பேர் நின்றாலும் எவனும் வரமாட்டான் என்பது ஊர்ப்பேச்சு. ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப்டவுன் ஆகிய மூன்று நகரங்களின் கேமராப் பதிவுகளில் 219 தெருத் தகராறுகளை ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு: பத்தில் ஒன்பதில் யாராவது ஒருவராவது குறுக்கே வந்திருக்கிறார். கூட்டம் கூடக்கூட, உதவி கிடைக்கும் வாய்ப்பும் கூடியது. ஷிப்ட் விட்டதும் ஐந்தாறு பேராகச் சேர்ந்து நடப்பதும், திருப்பத்தில் டீக்கடை அரைமணி கூடுதலாகத் திறந்திருப்பதும் அதனால் வெட்டி வேலை அல்ல. கம்பெனிக்காரர்கள் கேட் விளக்கைச் சாலைப்பக்கம் கொஞ்சம் திருப்பிவைத்தாலும் புண்ணியம். நடப்பவர் கண்ணில் நேராக அடிக்காமல் இருந்தால் சரி.

தனியே போக வேண்டி வந்தால் வண்டிகள் எதிரே வரும்படி சாலையின் வலப்பக்கம் நடக்கலாம். ஓடும் பைக்கிலிருந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் பின்னாலிருந்தே வருகிறார்கள். செயினை இழுத்தால் பிடித்துத் தொங்க வேண்டாம், கழுத்துக்கு ஆபத்து. சத்தம் போடுங்கள், ‘காப்பாத்துங்க’ என்று பொதுவாகக் கத்துவதைவிட, ‘டீக்கடை அண்ணா!’ என்று ஆளைக் குறிப்பிட்டுக் கூப்பிடுவது மேல். பிறகு 112.

புகார் கொடுக்காமல் விடுவதுதான் இங்கே பெரிய ஓட்டை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 304ஆம் பிரிவு, பறிப்பைத் தனிக் குற்றமாகவே வைத்து மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது. ஆனால் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த பையன், மொழி தெரியாத ஊரில் பழைய செல்போனுக்காக ஸ்டேஷன் படியேறத் தயங்குவான். அப்படியே போனாலும் ‘தொலைந்துவிட்டது’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருவான். குற்றங்கள் ஊர் முழுக்கச் சமமாகப் பரவுவதில்லை, சில திருப்பங்களில் மட்டுமே குவியும். அந்தத் திருப்பம் எது என்று போலீஸுக்குத் தெரிய வைப்பது இந்தப் புகார்கள்தான். *#06# அடித்தால் வரும் ஐஎம்இஐ எண்ணை இன்றே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வீட்டில் வையுங்கள். புகார் நகலோடு அந்த எண்ணையும் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் பதிந்தால், வேறு சிம் போட்டாலும் அந்த போன் இந்திய நெட்வொர்க்குகளில் வேலை செய்யாதபடி முடக்கலாம்.