எட்டு வயதுக் காரில் ஒரு புதிய திரை

புதுப்பிக்கப்பட்ட வால்வோ எக்ஸ்சி60 கார் 2025 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்தது. ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தால் மாற்றங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். முன்பக்க கிரில்லில் சாய்வுக் கோடுகள், பின்விளக்குகளில் சற்றே கருமை, உள்ளே 9 அங்குலத் திரை இருந்த இடத்தில் 11.2 அங்குலத் திரை. அறிமுகமானபோது ஷோரூம் விலை 71.90 லட்சம் ரூபாய். அடிச்சட்டமும் சஸ்பென்ஷனும் 2017-இல் ஜெனீவா கண்காட்சியில் பார்த்த அதே தலைமுறைதான்.

பழைய சரக்கு என்று ஒதுக்கவும் முடியாது. வால்வோ 240-ஐ முந்தி, அந்த நிறுவனத்தின் வரலாற்றிலேயே அதிகம் விற்ற கார் என்ற இடத்தை எக்ஸ்சி60 பிடித்தது இதே 2025-இல்தான். நன்றாக ஓடும் வண்டியில் கைவைக்க யாருக்கும் மனம் வராது. அதனால் செலவெல்லாம் கண்ணில் படும் இடங்களில் நடந்திருக்கிறது. எனக்கென்னவோ, இந்தக் காரின் அருமையான பொறியியல் கண்ணில் படாத இடங்களில்தான் இருக்கிறது.

சஸ்பென்ஷனை எடுத்துக்கொள்வோம். சாதாரண கார்களில் எஃகுச் சுருள்வில் இருக்கும். எவ்வளவு பாரம் ஏறினாலும் அதன் விறைப்பு பெரும்பாலும் மாறாது. ஓட்டுநர் மட்டும் இருக்கும்போது கார் ஒரு கதியில் மேலும் கீழும் அசையும். ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறிவிட்டால் அசைவு மந்தமாகும், பின்பகுதி தாழும், வேகத்தடையில் அடி தட்டும். இதற்குப் பயந்து முழுப் பாரத்தையும் கணக்கில் வைத்து வில்லை விறைப்பாகச் செய்துவிடுவார்கள். அந்த விறைப்பை அனுபவிப்பவர் தனியாக ஓட்டிப் போகிறவர்.

எக்ஸ்சி60-இல் எஃகு வில்லுக்குப் பதில் நான்கு சக்கரங்களிலும் ரப்பர் உறைக்குள் அடைத்த காற்று. பின்சீட்டில் மூவர் ஏறி உட்கார்ந்ததும் கார் தாழ்வதை உணரிகள் கண்டுகொள்கின்றன. கம்ப்ரெஸர் காற்றை அடித்துப் பழைய உயரத்துக்குத் தூக்குகிறது. உறைக்குள் அழுத்தம் கூடினால் காற்றுவில்லின் விறைப்பும் கூடும். பாரமும் விறைப்பும் சேர்ந்தே ஏறுவதால் அசைவின் கதி ஏறக்குறைய அப்படியே இருக்கிறது: நொடிக்கு ஒன்று, ஒன்றரை முறை. மேலும் கீழுமான அதிர்வில் மனித உடலை மிகவும் படுத்துவது நொடிக்கு 4 முதல் 8 முறை வரையிலான ஆட்டம். அந்த வரம்புக்குக் கீழேயே காரை வைத்திருப்பதுதான் சொகுசு என்று நாம் உணர்வதில் பெரும்பங்கு.

அப்படியிருந்தும் தார் பெயர்ந்த குழியின் ஓரத்தில் ஏறும்போது ‘தட்’டென்று ஓர் அடி உள்ளே கேட்கிறதே, ஏன்? அதற்குக் காரணம் டயர். சக்கரம் பெரிதாகப் பெரிதாக, மொத்த உயரம் மாறாமல் இருக்க, டயரின் பக்கச்சுவர் குறுகிக்கொண்டே போகிறது. கூர்மையான, சின்ன அடிகளை முதலில் வாங்க வேண்டியது அந்தப் பக்கச்சுவர். காற்றுவில்லோ பெரிய, மெதுவான அசைவுகளுக்கானது. விளம்பரப் படத்தில் பெரிய சக்கரம் எடுப்பாகத்தான் இருக்கிறது. இன்னொன்று, ரப்பர் உறை வயதாகிக் கசியத் தொடங்கினால், அதுவும் வாரண்டி முடிந்த பிறகு என்றால், செலவு கையைக் கடிக்கும்.

அடுத்தது, ஷோரூமில் ‘ஹைபிரிட்’ என்று சொல்லி விற்கும் சங்கதி. இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட் மின்சாரத்தில் மட்டும் ஓடக்கூடியது, இது அப்படி ஓடாது. 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின்தான் 250 குதிரைத்திறனையும் தருகிறது. அதோடு பெல்ட்டில் இணைந்து, சுமார் 10 கிலோவாட் திறனுள்ள ஒரு ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டர். அதற்கு 48 வோல்ட் பேட்டரி.

ஏன் 48? திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் வருவது. 10 கிலோவாட்டை வழக்கமான 12 வோல்ட்டில் கடத்த 830 ஆம்பியருக்கு மேல் வேண்டும். 48 வோல்ட்டில் 210 ஆம்பியர் போதும். கம்பியில் வீணாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதால், ஓட்டம் கால்பங்கானால் அதே கம்பியில் இழப்பு பதினாறில் ஒரு பங்காகிவிடும். அப்படியானால் 100 வோல்ட், 200 வோல்ட் என்று போயிருக்கலாமே? நேர்திசை மின்னோட்டத்தில் 60 வோல்ட்டைத் தாண்டினால் கார் விதிகள் அதை உயர் மின்னழுத்தமாகக் கருதும். ஆரஞ்சு உறைக் கம்பிகள், தனிக் காப்பு என்று செலவு எகிறும். 48 வோல்ட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது மின்னழுத்தம் சற்று உயர்ந்தாலும் 60-க்குள் அடங்கிவிடும்.

கிடைக்கும் லாபத்தையும் கணக்குப் போட்டுவிடலாம். ஆட்களோடு 2 டன் எடை என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் சுமார் 2.78 லட்சம் ஜூல். எட்டு நொடியில் பிரேக் பிடித்து நிறுத்தினால் 10 கிலோவாட் ஜெனரேட்டர் அதிகபட்சம் 80,000 ஜூல்தான் பிடிக்கும். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சமெல்லாம் காற்றைக் கிழிப்பதிலும் பிரேக் தட்டுகளில் வெப்பமாகவும் போய்விடும். சிக்னலில் அணைந்த இன்ஜின் குலுக்கலே இல்லாமல் உயிர்பெறுவதுதான் இதன் உண்மையான சுகம். மைலேஜில் அதிசயத்தை எதிர்பார்த்து வாங்க வேண்டாம்.

காரின் உச்ச வேகம் மணிக்கு 180 கிலோமீட்டரில் பூட்டப்பட்டிருக்கிறது. வால்வோ 2020-இலிருந்து எல்லாப் புதிய கார்களுக்கும் வைத்த வரம்பு இது. நம் சாலைகளுக்கு அதுவே மிக அதிகம்.

இப்போது அந்தத் திரைக்கு வருவோம். புதிய சிப் முன்பைவிட இருமடங்கு வேகமாகப் பதில் சொல்லும் என்கிறது நிறுவனம். படங்கள் துல்லியம், வரைபடம் தடுமாறாமல் நகர்கிறது. ஆனால் சிக்கல் சிப்பில் இருந்ததே இல்லை. ஏசி காற்றைக் கூட்டிக் குறைக்க வேண்டுமானால் இன்னமும் கண்ணாடியைத்தான் தொட வேண்டும். குமிழ் என்றால் கை தடவிக் கண்டுபிடிக்கும், பிடித்துக்கொள்ள விளிம்பு இருக்கும். வழுவழுப்பான கண்ணாடியில் விரலுக்குப் பிடிமானம் கிடையாது. கார் குலுங்கினால் கையும் குலுங்கும், குறி தவறும். அதனால் கண் சாலையை விட்டு இறங்கியே ஆக வேண்டும். 80 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடி பார்வை விலகினால் கார் 44 மீட்டர் போயிருக்கும்.

இதை அளந்து காட்டியதும் வால்வோவின் சொந்த நாட்டவரான ஸ்வீடன்காரர்கள்தான். 2022-இல் ‘வி பீலேகாரெ’ என்ற கார் பத்திரிகை ஒரு விமான ஓடுதளத்தில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் கார்களை ஓட்டி, சூட்டைக் கூட்டுவது, வானொலி நிலையத்தை மாற்றுவது போன்ற நான்கு வேலைகளைச் செய்யச் சொன்னது. பழகிக்கொள்ள ஓட்டுநர்களுக்கு முன்பே அவகாசமும் கொடுத்தது. முதலில் வந்தது பொத்தான்கள் நிறைந்த 2005 வால்வோ வி70. பத்து நொடியில் வேலை முடிந்தது, கார் கடந்த தூரம் 306 மீட்டர். கடைசியாக வந்த புதிய கார் அதே வேலைகள் முடிவதற்குள் 1,372 மீட்டர் ஓடிவிட்டது.

ஐரோப்பிய மோதல் சோதனை அமைப்பான யூரோ என்கேப் 2026-இலிருந்து முழு மதிப்பெண் தர இண்டிகேட்டர், அபாய விளக்கு, வைப்பர், ஹாரன், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனி விசை கேட்கிறது. ஏசி அந்தப் பட்டியலில் இல்லை. 2021-க்குப் பிறகு வந்த எக்ஸ்சி60 வைத்திருப்பவர்கள் இந்தப் புது மாடலுக்காக வண்டியை மாற்ற வேண்டியதில்லை. புதிதாக வாங்குகிறவர்கள் டெஸ்ட் டிரைவ் கிளம்பும் முன், வண்டி நிற்கும்போதே, முன்கண்ணாடி வழியாக நேரே பார்த்தபடி ஏசி காற்றை ஒரு படி கூட்டிப் பார்க்கட்டும்.