மாடப்புறா

செங்கற்பட்டு வட்டாரத்தில் மாடப்புறாவை அறியாதார் இலர். கோபுரமும் கிடங்கும் அதற்குப் பின்னாளில் வாய்த்த இடங்கள். ஆதியில் அதன் வீடு பாறையிடுக்கே. இன்றும் பாழ்ங்கிணற்றுச் சுவர்ப் பொந்துகளில் அது கூடு கட்டக் காண்கிறோம். மாமல்லபுரத்து ரதங்களில் கூரையோரம் வளைந்திறங்கும் உறுப்பைச் சிற்ப நூலார் கபோதம் என்பர். அவ்வட சொல்லுக்குப் புறா என்பதே பொருள்.

உடல் நீலச்சாம்பல், மடித்த சிறகில் இரு கரும்பட்டைகள், கால் சிவப்பு. கழுத்தோ பச்சையும் ஊதாவுமாக மாறி மாறி மின்னும். பாவும் ஊடையும் வெவ்வேறு நிறமாக நெய்த பட்டில் நம் நெசவாளர் காட்டும் ஜாலமே இது. ஆனால் இங்கே சாயமில்லை. இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி படும் விதமே காரணம்.

முட்டை இரண்டு. ஆணும் பெண்ணும் முறைவைத்து ஏறத்தாழ 18 நாள் அடைகாக்கும். குஞ்சுக்கு முதலில் ஊட்டுவது தானியமன்று. தாய், தந்தை இரண்டின் தொண்டைப்பையிலும் சுரக்கும் பால் போன்ற கூழ். ஆதலால் புழுப்பூச்சிக் காலத்திற்குக் காத்திராமல் ஆண்டின் பெரும்பகுதியும் இனம் பெருக்குகிறது.

களத்தில் சிந்திய நெல்லைப் பொறுக்குவதை நாம் பெரிதாக எண்ணவில்லை. மண் மூடாத விதையைப் பொறுக்குவது நஷ்டமே. அதனினும் பெருங்கவலை, சங்கக் கிடங்குகளில் அது குடியேறுவது. எச்சம் மூட்டைகளைக் கெடுக்கும். காய்ந்த எச்சத்தில் வளரும் ஒருவகைப் பூஞ்சணம் தூசியோடு உட்சென்று நுரையீரலைத் தாக்கவும் கூடும். நீர் தெளித்து நனைத்த பின்னரே, மூக்கில் துணி கட்டிக்கொண்டு கூட்டுதல் வேண்டும். சாளரங்களுக்குக் கம்பிவலை அடிக்குமுன் உள்ளே குஞ்சு உண்டா என்று பார்த்துவிடுங்கள். அது பறக்க ஒரு மாதத்திற்கு மேல் பிடிக்காது.