லட்டு தாங்கும், தயிர்சாதம் தாங்காது

திருப்பதிக்குப் போய் வந்தவர் அக்கம்பக்கத்தில் லட்டைப் பங்கு வைத்து, மிச்சத்தை ஒரு வாரம் கழித்துத் தின்றாலும் அது கெடுவதில்லை. அதே பையில் காலையில் கட்டிக்கொண்டு போன தயிர்சாதம், வெயில் நாளில் சாயங்காலத்துக்குள் நொந்துவிடுகிறது.

வித்தியாசம் தண்ணீரில் இருக்கிறது. கடலை மாவு நெய்யில் பூந்தியாகப் பொரியும்போதே ஈரம் வற்றுகிறது. பாகில் மிஞ்சும் கொஞ்ச நீரையும் சர்க்கரை இழுத்துப் பிடித்துக்கொள்வதால், கிருமிகள் பெருக வழியில்லை. 2009இல் புவிசார் குறியீடு பெற்ற திருப்பதி லட்டு வெளியில் இருந்தே தாங்குவது இதனால்தான். அதையும் சூடு ஆறுமுன் பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டினால், உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

சோறு அப்படியல்ல. முக்கால்வாசி நீர்தான்.

மண்ணில் வாழும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா அரிசியோடு அடுப்படிக்கு வருகிறது. கொதியில் பாக்டீரியா செத்தாலும் அதன் வித்துகள் பிழைத்துக்கொள்கின்றன. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கின்றன. வாந்தி உண்டாக்கும் அந்த நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. 1970களில் பிரிட்டனில் ஃபிரைடு ரைஸ் சாப்பிட்ட பலர் அடுத்தடுத்து வாந்தி எடுத்தபோது ஆய்வாளர்கள் கண்டுபிடித்த காரணமும் இதுவே: மொத்தமாக வடித்த சோற்றை வெளியிலேயே வைத்திருந்து, பிறகு வறுத்துக் கொடுத்திருந்தார்கள்.

பயணத்துக்குத் தயிர்சாதம் பிசையும்போது, புளிக்காமல் இருக்கப் பாலை நிறைய ஊற்றித் தயிரைக் கொஞ்சமாகச் சேர்ப்பது வழக்கம். ருசிக்கு அது சரி. ஆனால் கிருமியைத் தடுப்பதே தயிரின் புளிப்புதான். அது ஏறும் வரை பாலும் சோறும் காப்பில்லாமல் கிடக்கின்றன. புளியும் எண்ணெயும் சேர்ந்த புளியோதரை இன்னும் சற்றுத் தாங்கும். தேங்காய்ச் சட்னி எல்லாவற்றுக்கும் முன்னால் கெடும்.

சமைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரமே கெடு என்பது அமெரிக்க அரசின் அறிவுரை. திருப்பதியிலும் சித்தூரிலும் கோடையில் 40 டிகிரி சாதாரணம். வெயிலில் நிறுத்திய காருக்குள் அதைவிடக் கூடுதல். கெட்ட வாடை வரவில்லை என்பதை நம்பிச் சாப்பிடவும் முடியாது. நஞ்சுக்கு வாடை கிடையாது.

ஆகவே தயிர்சாதம் கட்டினால் முதல் வேளையிலேயே தீர்த்துவிட வேண்டும். அடுத்த வேளைக்குச் சப்பாத்தியும் பொடியும், பொரி, தோல் உரித்துத் தின்னும் பழங்கள் போதும். மலைமேல் தரிகொண்ட வெங்கமாம்பா அன்னப்பிரசாதக் கூடத்தில் பக்தர்களுக்கு இலவசமாகவே சாப்பாடு கிடைக்கிறது. அதையும் மீறி வழியில் வாந்தியோ பேதியோ கண்டால், ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள் என்றால் ஊர் போய்ச் சேரட்டும் என்று காத்திருக்காமல், பக்கத்து மருத்துவமனைக்கு உடனே அழைத்துப் போக வேண்டும்.