நோட்பேட் இருந்தால் போதும்: உங்களுக்கென ஒரு பேட்ச் ஃபைல்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் சில மாதங்களிலேயே ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். தினமும் செய்கிற வேலைகளில் பாதி ஒரே மாதிரியானவை. அதே ஃபோல்டரைத் திறக்கிறோம். அதே ஃபைல்களை பென் டிரைவில் காப்பி செய்கிறோம். நெட் நின்றுவிட்டால் அதே மோடத்தை அணைத்துப் போடுகிறோம். இந்த வேலைகளை வரிசையாக ஒரு முறை எழுதி வைத்துவிட்டால், அடுத்த முறை டபுள் கிளிக் செய்தால் போதும். கம்ப்யூட்டரே செய்து முடித்துவிடும். இப்படி எழுதப்படும் சிறிய ஃபைலுக்குத்தான் பேட்ச் ஃபைல் என்று பெயர். டாஸ் காலத்தில் வந்த இந்த வசதி விண்டோஸ் 11லும் அப்படியே வேலை செய்கிறது. புரோகிராமிங் படித்திருக்க வேண்டியதில்லை. தனியாக எந்த சாப்ட்வேரும் வாங்க வேண்டாம். விண்டோஸுடன் வரும் நோட்பேட் போதும்.

நான் விழுப்புரத்தில் இருக்கிறேன். என் மாமா திண்டிவனத்தில் சிறிய டி.டி.பி. கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, கல்லூரி புராஜெக்ட், மனு எழுதித் தருவது என்று கடை எப்போதும் பரபரப்பாக இருக்கும். நெட் நின்றால் எனக்குத்தான் போன் வரும். சுமார் 40 கிலோமீட்டர் பஸ்ஸில் போய்ப் பார்த்தால், சில நாள் மோடத்தின் ஒயர் கழன்றிருக்கும். சில நாள் கோளாறு வெளியே லைனில் இருக்கும், நான் போயும் பயன் இருக்காது. கோளாறு எங்கே என்று அவரே கண்டுபிடிக்க நான் எழுதிக் கொடுத்த நான்கு வரிகளை முதலில் பார்ப்போம்.

கட்டளைகளை இங்கே உச்சரிப்பிலும், எழுத்துக் கூட்டியும் தருகிறேன். நீங்கள் கீபோர்டில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் டைப் செய்திடுங்கள்.

நெட் எங்கே நிற்கிறது?

இதற்கு உதவும் கட்டளை பிங்: பி, ஐ, என், ஜி. அமெரிக்காவைச் சேர்ந்த மைக் மூஸ் என்பவர் 1983 டிசம்பரில் எழுதியது. நீர்மூழ்கிக் கப்பல்கள் ஒலியை அனுப்பி, எதிரொலி வருகிறதா என்று பார்க்கும் அல்லவா? அதே வேலையைத்தான் பிங் நெட்வொர்க்கில் செய்கிறது. விண்டோஸில் ஒரு முறை பிங் கொடுத்தால் நான்கு முறை குரல் கொடுத்து, பதில் வருகிறதா என்று பார்த்துச் சொல்லும்.

முதலில் உங்கள் மோடத்தின் முகவரி தெரிய வேண்டும். நெட் நன்றாக இருக்கும்போதே இதைப் பார்த்து வைத்துக் கொள்ளுங்கள். விண்டோஸ் கீயுடன் ஆர் கீயை அழுத்தி, வரும் கட்டத்தில் சி, எம், டி என டைப் செய்து என்டர் தட்டுங்கள். கறுப்பு விண்டோ திறக்கும். அதில் ஐபிகான்ஃபிக் என்ற கட்டளையை, அதாவது ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்ற எழுத்துகளை, டைப் செய்து என்டர் தட்டுங்கள். டீஃபால்ட் கேட்வே என்ற இடத்தில் உள்ள எண்தான் மோடத்தின் முகவரி. பல வீடுகளில் இது 192.168.1.1 என்று இருக்கும். உங்கள் எண் வேறாக இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

இனி நோட்பேடைத் திறந்து இந்த நான்கு வரிகளை எழுதுங்கள்.

1. பிங் 192.168.1.1
2. பிங் 8.8.8.8
3. பிங் கூகுள் டாட் காம்
4. பாஸ் (பி, ஏ, யு, எஸ், இ)

வரிசை எண்களை டைப் செய்ய வேண்டாம். மூன்றாவது வரியில் டாட் என்பது வெறும் புள்ளிதான். இரண்டாவது வரியில் உள்ள எண் கூகுள் நிறுவனம் 2009 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட டி.என்.எஸ். சர்வருடையது. கடைசி வரி இல்லாவிட்டால், விடை வந்ததும் விண்டோ மூடிக் கொள்ளும். படிக்க நேரம் இருக்காது.

சேவ் செய்யும்போது சேவ் அஸ் டைப் என்ற கட்டத்தில் ஆல் ஃபைல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஃபைலின் பெயர் நெட்பார் என்று இருக்கட்டும். அதன் பின் ஒரு புள்ளி, பிறகு பி, ஏ, டி. பெயரை மட்டும் பிங் என்று வைத்துவிடாதீர்கள். பிங் என்ற கட்டளை வந்ததும் விண்டோஸ் உங்கள் ஃபைலையே மீண்டும் திறக்கும். அது மறுபடி தன்னையே அழைக்கும். முடிவில்லாமல் சுற்றிக் கொண்டிருக்கும்.

விடையைப் படிப்பது எப்படி?

முதல் வரிக்கே பதில் இல்லையென்றால் கோளாறு உங்கள் பக்கம். ஒயர், வைஃபை, மோடத்தின் கரண்ட் இவற்றைப் பாருங்கள். முதல் வரிக்குப் பதில் வந்து, அடுத்த இரண்டுக்கும் வரவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் வெளி லைனில். இணைப்புத் தரும் நிறுவனத்துக்குப் புகார் கொடுங்கள். முதல் இரண்டுக்கும் வந்து மூன்றாவதுக்கு மட்டும் வரவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். வசதியில் சிக்கல். ஐபிகான்ஃபிக் என டைப் செய்து, ஓர் இடம் விட்டு, சாய்கோடு போட்டு, ஃபிளஷ்டிஎன்எஸ் (எஃப், எல், யு, எஸ், எச், டி, என், எஸ்) என்று கொடுத்துப் பாருங்கள். பழைய பதிவுகள் நீங்கிப் பல சமயம் சரியாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. ரிப்ளை என்ற சொல்லைப் பார்த்ததும் பதில் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். சில சமயம் ரிப்ளை என்று தொடங்கி, அன்ரீச்சபிள் என்று அந்த வரி முடியும். எதிர்முனையை எட்ட முடியவில்லை என்பதே அதன் பொருள். வரியின் கடைசியில் டி.டி.எல். என்ற மூன்று எழுத்துகள் இருந்தால் அது உண்மையான பதில்.

இப்போது மாமா போன் செய்தால், "மாப்ளே, முதல் வரிக்குப் பதில் வருது, ரெண்டாவதுக்கு வரலை" என்கிறார். "அப்போ கம்பெனிக்குப் புகார் கொடுங்க மாமா" என்பேன். பஸ் செலவு மிச்சம்.

பென் டிரைவில் தினமும் ஒரு நகல்

இரண்டாவது பேட்ச் ஃபைல் இதைவிட முக்கியமானது. இதற்கான கட்டளை ரோபோகாப்பி: ஆர், ஓ, பி, ஓ, சி, ஓ, பி, ஒய். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து இது விண்டோஸுடனேயே வருகிறது. சாதாரண காப்பியைவிட இதில் என்ன லாபம்? முதல் முறை எல்லாவற்றையும் காப்பி செய்யும். அடுத்த முறை புதிதாக வந்தவை, மாறியவை மட்டுமே காப்பியாகும். அதனால் சீக்கிரம் முடிந்துவிடும்.

இதை ஒரே வரியில், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஓர் இடம் விட்டு எழுத வேண்டும். முதலில் ரோபோகாப்பி; அடுத்து உங்கள் ஃபோல்டரின் முழு முகவரி; அடுத்து பென் டிரைவில் நகல் போய்ச் சேர வேண்டிய ஃபோல்டரின் முகவரி. பிறகு சாய்கோடு இ. உள்ளே இருக்கும் ஃபோல்டர்களையும் சேர்த்துக் கொள் என்பது இதன் பொருள். ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருந்தால் முகவரியை இரட்டை மேற்கோள் குறிக்குள் கொடுங்கள். அடுத்த வரியில் வழக்கம்போல் பாஸ்.

அதே வரியின் கடைசியில் இன்னும் இரண்டைச் சேர்த்திடுங்கள்: சாய்கோடு ஆர், முக்காற்புள்ளி, 2, சாய்கோடு டபிள்யூ, முக்காற்புள்ளி, 5. ஏதாவது ஒரு ஃபைல் வேறு புரோகிராமில் திறந்திருந்து காப்பி ஆகவில்லை என்றால், 5 விநாடி இடைவெளியில் இரண்டு முறை முயன்றுவிட்டு அடுத்ததற்குப் போ என்று இவை சொல்கின்றன. இவை இல்லாவிட்டால் ரோபோகாப்பி 30 விநாடிக்கு ஒரு முறை வீதம் 10 லட்சம் முறை முயலும். கணக்குப் போட்டால் ஏறத்தாழ ஒரு வருடம்!

சாய்கோடு எம்.ஐ.ஆர். என்று ஒன்றையும் சிலர் சொல்லித் தருவார்கள். புதியவர்கள் அதைத் தொட வேண்டாம். கம்ப்யூட்டரில் இல்லாத ஃபைல்களை அது நகலிலிருந்தும் நீக்கிவிடும். தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்திருந்தால், நகலும் சேர்ந்து போய்விடும்.

இந்த ஒற்றை வரியின் அருமை 2024ல் தெரிந்தது. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நின்றன. நான் நினைத்தாலும் திண்டிவனம் போக முடியாத நிலை. மாமாவின் கடைக்குள் தண்ணீர் புகுந்து, தரையில் வைத்திருந்த சி.பி.யு. நனைந்து போனது. கார்த்திகை முகூர்த்தப் பத்திரிகைகள், மாணவர்களின் புராஜெக்டுகள், கடன் பாக்கிக் கணக்கு எல்லாம் அதில்தான் இருந்தன.

ஆனால் கடை சாத்தும் முன் அந்த ஃபைலை டபுள் கிளிக் செய்து, பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டு வீட்டுக்குப் போவது அவர் வழக்கம். வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் செய்திருந்தார். கரண்ட் வந்த பிறகு நண்பர் ஒருவரின் லேப்டாப்பை இரவல் வாங்கி வேலையைத் தொடர்ந்தார். கேட்டவர்களுக்குப் பத்திரிகை சொன்ன தேதியில் போய்ச் சேர்ந்தது.

எனவே காப்பி முடிந்ததும் பென் டிரைவைக் கழற்றி வேறு இடத்தில் வையுங்கள். கம்ப்யூட்டரிலேயே செருகி வைத்த நகல் வெள்ளத்துக்கும் தப்பாது, வைரஸுக்கும் தப்பாது.

பிறர் தரும் ஃபைலில் கவனம்

நமக்கு உதவும் இதே வசதி கெடுதலும் செய்யும். 2000ம் ஆண்டு மே 4 அன்று ஐ லவ் யூ என்ற தலைப்பில் ஒரு மின்னஞ்சல் உலகெங்கும் பரவியது. அதனுடன் இருந்தது விபிஸ்கிரிப்ட் என்ற மொழியில் எழுதிய சிறிய ஃபைல். விண்டோஸ் ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்துக் காட்டியதால், பார்ப்பவர்களுக்கு அது சாதாரணக் கடிதமாகத் தெரிந்தது. காதல் கடிதம் என்று திறந்தவர்களின் படங்களை அது நாசம் செய்தது. முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லாருக்கும் தன்னையே அனுப்பிக் கொண்டது.

ஆகவே பிறர் தரும் பேட்ச் ஃபைலை உடனே டபுள் கிளிக் செய்யாதீர்கள். முதலில் நோட்பேடில் திறந்து படியுங்கள். புரியாத வரி ஒன்று இருந்தாலும் இயக்க வேண்டாம். நீங்களே எழுதியதில் இந்தப் பயம் இல்லை. ஒவ்வொரு வரிக்கும் பொருள் உங்களுக்குத் தெரியும்.

இந்த வாரம் இந்த இரண்டு ஃபைல்களை மட்டும் எழுதிப் பாருங்கள். காப்பி முடிந்ததும் பென் டிரைவில் உள்ள ஒரு ஃபைலையாவது திறந்து, சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்திடுங்கள். திறந்து பார்க்காத நகலை நம்பி இருக்க முடியாது.