வாளுக்குள் ஒரு மரம்

மேட்டூர் அணையில் தண்ணீர் நன்றாக இறங்கிய கோடையில் பண்ணவாடிக்குக் கூட்டம் கூடும். நீர்த்தேக்கத்தின் நடுவிலிருந்து ஒரு பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரம் தலை நீட்டும். இன்னொரு பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி சேறு பூசிக்கொண்டு எழும். பரிசலில் போய்ப் பார்ப்பவர்கள் உண்டு, கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டு மீன் வறுவலோடு திரும்புபவர்களும் உண்டு. 1934-இல் அணை கட்டி முடிந்தபோது அங்கிருந்த ஊர்கள் சாமான்களோடு மேட்டுக்கு ஏறிவிட்டன. கோயிலும் தேவாலயமும் தண்ணீருக்கடியில் நின்றுவிட்டன. 120 அடி அணை நிரம்பிவிட்டால் இரண்டும் மறைந்துவிடும். ஆடிப்பெருக்குக்கு வருகிறவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

என் ஆசை ஒன்று உண்டு. பதினைந்து பேர் சேர்ந்து ஒரு வேன் பிடித்து, காலையில் பண்ணவாடியில் தொடங்கி, மாலையில் நாமக்கல் மலைமேல் முடிக்க வேண்டும். வழியில் தெலுங்கனூர், கஞ்சமலை, சேந்தமங்கலம். ஒரே நாளில் 3,000 ஆண்டு. இந்தப் பயணத்துக்கு ஒரு முன்மாதிரி அமெரிக்காவில் இருக்கிறது.

நியூ மெக்சிகோவில் பியூப்லோ என்ற பூர்வகுடி மக்களின் பழைய குடியிருப்புகளையும், அவற்றின் நடுவில் ஸ்பானியப் பாதிரியார்கள் எழுப்பிய ஆலயங்களையும் வழிகாட்டியோடு குழுவாகப் போய்ப் பார்ப்பது அங்கே நெடுநாள் வழக்கம். அக்கோமா என்ற ஊர் ஒரு தட்டைப் பாறையின் உச்சியில் இருக்கிறது. ஊர்க்காரர்களின் வழிகாட்டி இல்லாமல் வெளியாள் மேலே ஏற முடியாது. 1629-இல் தொடங்கிக் கட்டிய பெரிய மண் ஆலயம் அங்கே இன்றும் நிற்கிறது. அதன் கூரை உத்தரங்களைத் தொலைதூர மலையிலிருந்து தரையில் படாமல் தோளிலேயே சுமந்து வந்தார்கள் என்பது ஊர்ப் பேச்சு. சுமந்தவர்கள் விரும்பிச் சுமந்தார்களா என்று நாம் கேட்கத்தான் வேண்டும். 1599-இல் ஸ்பானியப் படை அந்த ஊரை அழித்து, பிடிபட்ட ஆண்களின் பாதத்தை வெட்டச் சொன்ன தண்டனை ஓலை வரலாற்றில் இருக்கிறது. ஆலயம் வந்தது அதற்குப் பிறகு.

அந்த நாட்டு உத்தரங்களில்தான் ஒரு விந்தை. அந்த வறண்ட நாட்டில் கரையான் தொல்லை குறைவு, மழையும் குறைவு. எழுநூறு, எண்ணூறு ஆண்டுக்கு முன் வெட்டிப் போட்ட பைன் மரம் இன்றும் கூரையில் கிடக்கிறது. அதன் வெட்டுமுகத்தில் வளையங்கள் தெளிவாகத் தெரிகின்றன. நல்ல மழை பெய்த ஆண்டில் அகலமான வளையம், வறண்ட ஆண்டில் நூல்போல் ஒன்று. இதைப் படிக்கத் தொடங்கியவர் மரநூல் அறிந்தவர் அல்லர், வானியலாளர். ஏ. இ. டக்ளஸ் என்று பெயர். சூரியப் புள்ளிகளின் ஏற்ற இறக்கம் மழையை மாற்றுகிறதா என்று பார்க்கப் புறப்பட்டு, மழைக்குச் சாட்சி தேடி மரத்திடம் வந்து சேர்ந்தார்.

உயிருள்ள மரத்தின் உள்வளையங்களோடு பழைய உத்தரத்தின் வெளிவளையங்களைப் பொருத்தி, அதோடு இன்னும் பழைய உத்தரத்தைப் பொருத்தி, சங்கிலிபோலப் பின்னோக்கிப் போனார். ஓரிடத்தில் சங்கிலி அறுந்தது. பியூப்லோ இடிபாடுகளின் மரங்கள் தமக்குள் பொருந்தின, ஆனால் இன்றைய மரங்களோடு சேரவில்லை. 1929 ஜூன் 22-ஆம் நாள் அரிசோனாவில் ஷோ லோ என்ற சிற்றூரில் பாதி கரிந்த உத்தரம் ஒன்று கிடைத்தது. அதன் உள்வளையம் கி.பி. 1237-ஐச் சேர்ந்தது. அது இரண்டு துண்டையும் இணைத்துவிட்டது. பிறகு பார்த்தால், இரண்டும் ஏற்கெனவே ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான் இருந்தன. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த கடும் வறட்சியின் வளையங்கள் மிக மெலிந்திருந்ததால் கண்ணுக்குப் பிடிபடவில்லை. ஒரே இரவில் டஜன் கணக்கான இடிபாடுகளுக்கு ஆண்டுக் கணக்கு கிடைத்தது.

நம் சேலத்துச் சமவெளியில் இந்த வித்தை எடுபடாது. இங்கே மூவாயிரம் ஆண்டு உத்தரம் எது? கரையான் தின்றது போக மிச்சத்தை மழை தின்றிருக்கும். கடுங்குளிர் என்று ஒன்று இல்லாததால் நம் மரங்கள் பலவற்றில் வளையமும் ஒழுங்காக விழாது, தேக்கு போன்ற சில மரங்கள் நீங்கலாக. நம் முன்னோர் வீடு மண்ணோடு மண்ணாகிவிட்டது. மிஞ்சியது அவர்கள் இறந்தவர்களுக்குக் கட்டிய வீடு. கல்வட்டம் போட்டு, உள்ளே கற்பலகையால் அறை கட்டி, இறந்தவரின் எலும்போடு கறுப்பு சிவப்புப் பானையும் இரும்புக் கருவியும் வைத்த குழிகள். பாண்டவர் வீடு என்றும் பாண்டியன் குழி என்றும் ஊர்க்காரர்கள் சொல்வார்கள். எந்தப் பாண்டவரும் அங்கே தங்கவில்லை. பழையது என்று சொல்ல மக்களுக்குக் கிடைத்த பெயர் அது, அவ்வளவுதான்.

மேட்டூர்ப் பக்கம் தெலுங்கனூரில் அப்படிப்பட்ட குழி ஒன்றில் இருபக்கமும் கூரான ஒரு வாள் கிடைத்தது. தொல்லியல் பேராசிரியர் கா. ராஜனும் தென்கொரிய உலோகவியலாளர் ஒருவரும் அதை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டார்கள். அது வெறும் இரும்பு அல்ல, கரி மிகுந்த எஃகு. அதன் காலம் கி.மு. 1435-க்கும் 1233-க்கும் இடைப்பட்டது. அருகிலுள்ள மாங்காட்டு இரும்பு இன்னும் மூத்தது, கி.மு. 1604-இலிருந்து 1416 வரை.

இரும்புக்கு எப்படி வயது சொல்ல முடியும்? இரும்பு கல்லிலிருந்து வருகிறது, கல்லின் வயதோ 250 கோடி ஆண்டு. விடை கொல்லனின் உலையில் இருக்கிறது. இரும்புத் தாது என்பது ஆக்சிஜனோடு ஒட்டிக்கொண்ட இரும்பு. மரக்கரியோடு சேர்த்து உலையில் இட்டுத் துருத்தி ஊதினால், கரி இரண்டு வேலை செய்கிறது. சூட்டைத் தருகிறது, ஆக்சிஜனைப் பிய்த்துக்கொண்டு போகிறது. மூன்றாவதாக, யாரும் கேட்காமலே ஒன்று நடக்கிறது. கரியில் கொஞ்சம் இரும்புக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அது தங்கியதால்தான் இரும்பு எஃகாகிறது, வாளுக்குக் கூர் நிற்கிறது. ஆகவே அந்த வாளுக்குள் ஒரு மரம் இருக்கிறது. 3,000 ஆண்டுக்கு முன் இந்த மண்ணில் நின்று, இந்தக் காற்றைக் குடித்து, கோடரிபட்டு, கரியாகி, எஃகில் அடைபட்ட மரம்.

மரம் தான் குடித்த காற்றோடு ஒரு கடிகாரத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறது. விண்ணிலிருந்து வரும் கதிர்கள் மேல்வளியில் மோதும்போது நைட்ரஜனில் கொஞ்சம் கார்பன்-14 ஆகிறது. உயிரோடிருக்கும் எந்த மரத்திலும் ஒரு லட்சம் கோடி கார்பன் அணுக்களுக்கு ஏறத்தாழ ஒன்று இந்த வகை. ஒரு வளையம் உருவாகி முடிந்த பின் அதற்குப் புதிதாக வரவு கிடையாது, செலவு மட்டுமே. 5,730 ஆண்டில் பாதி கரையும். தெலுங்கனூர் வாளில் கணக்குப் போட்டால், தொடக்கத்தில் இருந்ததில் இன்னும் மூன்றில் இரண்டு பங்கு மிச்சம் இருக்க வேண்டும். அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணும் ஏ.எம்.எஸ். கருவிக்கு ஒரு மில்லிகிராம் கார்பன் போதும். நூற்றுக்கு ஒரு பங்கு கரி உள்ள எஃகென்றால் 100 மில்லிகிராம், அதாவது ஒரு குண்டுமணி எடைகூட இல்லாத துணுக்கு. வாளை அழிக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டு இரும்பின் வயதைப் பற்றிய பேச்சில் பெரும்பாலும் நழுவிப்போகும் ஒரு நுணுக்கம் இங்கே உண்டு. 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட ‘இரும்பின் தொன்மை’ அறிக்கை சிவகளை என்ற ஊரின் இரும்பைக் கி.மு. 3345 வரை கொண்டுபோனது. செய்தித்தாள்கள் அந்தப் பெரிய எண்ணையே பிடித்துக்கொண்டன. குழியில் இரும்போடு கிடந்த கரித்துண்டுக்கோ பானைக்கோ வயது பார்ப்பது ஒரு முறை (சிவகளை எண் அப்படி வந்தது), இரும்புக்குள் இருக்கும் கரிக்கே பார்ப்பது வேறு முறை. முன்னது பக்கத்து வீட்டுக்காரர் சாட்சி, பின்னது கையெழுத்து. எண் சிறியதாக இருந்தாலும் கையெழுத்துக்கு எனக்கு மரியாதை கூடுதல்.

கையெழுத்திலும் ஐயம் உண்டு. கொல்லன் எரித்தது நானூறு வயது மரத்தின் நடுக்கட்டையாக இருந்தால், வாள் தன் வயதைக் கூட்டிச் சொல்லும். அதனால்தான் எந்த மரம் என்ற கேள்வி முக்கியம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு கஞ்சமலைக்குப் போவோம்.

சேலத்துக்குத் தென்மேற்கே நிற்கும் இந்த மலை காந்தத் தாதுக்கு உறைவிடம். மழை முடிந்தபின் ஓடையில் ஒரு காந்தத்தை இழுத்துப் பாருங்கள், கறுப்பு மணல் தாடிபோல ஒட்டிக்கொள்ளும். உலை கட்டிய பழையவர்களுக்கு இரும்புக் கடை இதுதான். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாகச் சேலத்தைச் சுற்றிப் பழகிய ஜோசையா மார்ஷல் ஹீத், 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கினார். சேலத்துக் கொல்லர் எஃகு செய்யும் முறையை வியந்து எழுதியவரும் அவரே. இரும்புத் துண்டை மண் மூசையில் வைத்து, உலர்ந்த ஆவாரங்குச்சி போட்டு, மேலே பச்சை எருக்க இலை மூடி, களிமண்ணால் அடைத்துச் சூளையில் வைப்பார்களாம். இங்கிலாந்தில் நாள் கணக்கில் நடந்த வேலை இங்கே மணிக்கணக்கில் முடிந்தது. ஆவாரை குத்துச்செடி, நெடுங்காலம் வாழாது. அதன் கரியைக் குடித்த எஃகின் வயது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தெலுங்கனூர்க் கொல்லன் இதே முறையைக் கையாண்டிருக்க வேண்டும் என்பதில்லை, அவன் ஹீத்துக்கு 3,000 ஆண்டு மூத்தவன்.

கஞ்சமலை அடிவாரத்தில் இன்று இருப்பது சேலம் உருக்காலை. 1981-இல் உற்பத்தி தொடங்கிய ஆலை, மலையின் தாதுவைத் தொடுவதில்லை. அங்கிருந்து வருவது எவர்சில்வர் தகடு. உங்கள் வீட்டு எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கார்பன் சோதனைக்கு அனுப்பினால் என்ன வயது வரும் தெரியுமா? 50,000 ஆண்டுக்கும் மேல். பொய்யில்லை. அதிலுள்ள சொற்பக் கரி பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து வந்தது. நிலக்கரி கோடிக்கணக்கான ஆண்டுக்கு முன் புதைந்த காடு, கார்பன்-14 அதில் எப்போதோ தீர்ந்துவிட்டது. மூவாயிரம் ஆண்டு வாள் இளையது, நேற்று வாங்கிய தட்டு கிழடு.

கடிகாரத்திலும் ஒரு கோளாறு இருந்தது. விண்கதிர் வரத்து எல்லா ஆண்டிலும் ஒரே அளவில் இல்லை, ஆகவே காற்றில் கார்பன்-14-உம் கூடிக் குறைந்தது. வளையம் எண்ணி வயது தெரிந்த மரத்தில் கார்பன்-14-ஐ அளந்து திருத்தப் பட்டியல் போட்டால்தான் சரியான ஆண்டு கிடைக்கும். அதற்கு முதலில் கைகொடுத்தவை கலிஃபோர்னியாவின் பல்லாயிரம் ஆண்டுப் பைன் மரங்கள். எண்ணியவர்கள், டக்ளஸ் 1937-இல் அரிசோனாவில் தொடங்கிய மரவளைய ஆய்வகத்தார். பியூப்லோ உத்தரத்துக்கு ஆண்டு சொல்லப் பிறந்த கலை, தெலுங்கனூர் வாளின் ஆண்டைத் திருத்தித் தருகிறது.

சேந்தமங்கலத்தில் வேன் நின்றால் பார்க்க ஒன்றுமில்லை. ஆனாலும் நிறுத்த வேண்டும். அக்கோமாவின் ஆலயம் எழுவதற்கு ஆறு ஆண்டு முன், 1623-இல், மதுரையிலிருந்து காவி உடுத்து நடந்துவந்த இத்தாலியப் பாதிரியார் இராபர்ட் தெ நொபிலி இங்கே வந்தார். தமிழில் தத்துவ போதகர் என்று அறியப்பட்டவர். சேந்தமங்கலத்தை ஆண்ட இராமச்சந்திர நாயக்கர் அவரை மதித்து வரவேற்றார், அங்கிருந்து அவர் சேலம் போனார். படை கூட வரவில்லை, பெரிய கட்டடமும் எழுப்பவில்லை. அதே பத்தாண்டில் அங்கே 40 அடி உத்தரங்கள், இங்கே ஒரு மனிதரின் நடை. இடிபாடு இல்லாததும் ஒரு வகைச் சாட்சிதான்.

நாமக்கல்லில் கார்பன் கைவிரித்துவிடும். பாறையைக் குடைந்த நரசிம்மர், அரங்கநாதர் குடைவரைகளில் எரிந்தது, வளர்ந்தது என்று எதுவும் இல்லை. கல்லை வெட்டியதால் கல்லுக்கு வயது மாறாது. அங்கே ஆண்டு சொல்வது எழுத்து. அதியேந்திர விஷ்ணு கிருகம் என்ற பெயரும் கிரந்த எழுத்தின் வளைவும் சேர்ந்து 8-ஆம் நூற்றாண்டு, அதியர் மரபு என்று காட்டுகின்றன. மலைமேல் கோட்டையை நாயக்கர் காலத்தது என்கிறார்கள். அதன் செங்கல் இடுக்கில் இருக்கும் சுண்ணாம்பைத் தொட்டுப் பாருங்கள். சுட்ட சுண்ணாம்பு இறுகுவதே காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துத்தான். ஆகவே சாந்தும் தான் இறுகிய ஆண்டின் காற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. பழைய கட்டடங்களுக்கு இந்த வழியிலும் வயது பார்க்கிறார்கள். தண்ணீரில் கிடக்கும் பண்ணவாடிக் கோபுரத்துக்கு இது எளிதல்ல, நீரும் கரியமில வாயுவும் சேர்ந்து சுண்ணாம்பைக் கரைத்து மறுபடி படிய வைத்துவிடும்.

இந்தப் பக்கத்தில் கிணறு வெட்டும்போதோ உழும்போதோ துருப்பிடித்த நீளமான இரும்பு ஏதாவது தட்டுப்பட்டால், தயவுசெய்து பழைய இரும்புக்கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வட்டாட்சியருக்கோ சேலம் அரசு அருங்காட்சியகத்துக்கோ சொல்லுங்கள். துருவைப் போக்குகிறேன் என்று மண்ணெண்ணெய் விட்டுத் தேய்க்கவும் வேண்டாம். மண்ணெண்ணெயும் நிலக்கரியைப் போலத்தான். அதில் ஊறிய துருவை அப்படியே எண்ணினால், மூவாயிரம் ஆண்டு வாள் பத்தாயிரம் ஆண்டு என்று சொல்லும்.