சிறகின் இருபுறமும் துணைத்தேர்வும்

உயிர்களின் அழகு எதன்பொருட்டு அமைந்தது என்னும் வினா அறிஞரை நெடுங்காலமாக ஈர்த்து வருவதாகும். சாள்ஸ் டார்வின் 1871 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே, ஆணின் அணிநலம் பெண்ணின் தேர்வினால் தலைமுறைதோறும் வளர்ந்தது என்னும் கொள்கையை நிலைநாட்ட முயன்றார். இயற்கைத் தேர்வை அவரைப் போலவே தாமும் கண்டறிந்த அல்பிரட் ரசல் வாலஸ் இதனை ஏற்றிலர். பெண்பூச்சி அழகை ஆராய்ந்து துணையைக் கொள்கின்றது என்பதற்குத் தக்க சான்றில்லை என்றும், பகைக்குத் தப்பும் தேவையே நிறவேறுபாட்டிற்குப் பெருங்காரணம் என்றும் அவர் கருதினார். இவ்வழக்கிற்குச் சிறியதொரு வண்ணத்துப் பூச்சி கூறும் விடையை ஈண்டு ஆராய்வாம்.

கிழக்கு ஆபிரிக்காவில் வாழும் பைசைக்கிளஸ் அனினானா என்பது கபில நிறமுடைய பூச்சி. அதன் சிறகின் ஓரத்தே கண்போன்ற வட்டப் புள்ளிகள் உள. ஒவ்வொன்றின் நடுவிலும் கண்மணிபோல ஒரு வெண்பொட்டு விளங்கும். பூச்சி சிறகை மூடி அமர்ந்திருக்கும்போது கீழ்ப்புறமே வெளியே தோன்றும். ஆங்குள்ள பெரிய கண்புள்ளிகள் பகையின் தாக்குதலைத் தலையினின்றும் சிறகோரத்திற்குத் திருப்பிவிடுகின்றன. இந்த அளவில் வாலஸின் கூற்றுப் பொருந்துவதே.

ஆனால் மேற்புறத்தின் நிலை வேறு. ஆண்பூச்சி பெண்ணை அணுகிச் சிறகுகளை விரைந்து விரித்து மூடும்போதே அது புலனாகும். அன்ரோனியா மொன்ரெய்ரோவும் உடனாய்வாளரும் 2005 இல் வெளியிட்ட ஆய்வில், அப்புறத்து வெண்பொட்டுக்களையே பெண் நோக்குகின்றது எனக் காட்டினர். பொட்டு மறைக்கப்பட்ட ஆணைப் பெண் பெரிதும் விலக்கியது. செயற்கையாக மிகப் பெரிதாக்கப்பட்ட பொட்டையும் விரும்பிற்றிலது. அப்பொட்டுக்கள் மனிதக் கண்ணிற்குப் புலனாகாத கழியூதாக் கதிர்களைத் தெறிப்பவை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. நாம் காணும் சிறகும் பூச்சி காணும் சிறகும் ஒன்றல்ல.

இதனினும் வியப்புத் தருவது பருவத்தின் செயல். புழுப்பருவத்தில் ஏறத்தாழ 27 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் வளர்ந்தவை மாரிகால வடிவத்தையும், 17 பாகையளவில் வளர்ந்தவை கோடைகால வடிவத்தையும் பெறுகின்றன. கோடை வடிவத்தில் கீழ்ப்புறக் கண்புள்ளிகள் சிறுத்துச் சிறகு காய்ந்த இலையை ஒக்கும். மாரி வடிவத்தில் ஆண் நாடிச் செல்லப் பெண் தேர்ந்து கொள்ளும். கோடை வடிவத்திலோ பெண் நாடிச் செல்ல ஆண் தேர்ந்து கொள்ளும். 2011 இல் வெளிவந்த இவ்வாய்வு, கோடை வடிவ ஆணோடு கூடிய பெண் நீடித்து வாழ்கின்றது எனவும் காட்டிற்று. வறண்ட பருவத்தில் அத்தகைய ஆண் பெறற்கரிய துணையாதலின், தேர்வுரிமை அதன்பால் சென்றது எனலாம்.

இவ்விருப்பம் பிறவியிலேயே முற்றாக வரையறுக்கப்பட்டதா எனின், அன்று. கூட்டினின்று வெளிப்பட்ட அணிமையில், இரண்டு பொட்டுக்களுக்குப் பதிலாக நான்கு பொட்டுக்கள் இடப்பட்ட ஆண்களைக் கண்ட பெண்கள், பின்னர் அத்தகையோரையே விரும்பின. பொட்டற்ற ஆண்களைக் கண்டவையோ அவ்வாறு விருப்பம் மாறவில்லை. இவை 2012 இல் வெளியான முடிபுகள். கற்றல் உண்டு, ஆயினும் அஃது அணிநலம் மிகும் திசையிலேயே செல்கின்றது என்க. சிறகு ஒன்றே தேர்வின் அளவுகோல் என்றும் கொள்ளற்க. ஆணின் சிறகிலுள்ள சுரப்பிடங்களிலிருந்து எழும் மணமும் ஏறக்குறைய அதே அளவிற்குப் பெண்ணின் முடிவை ஆளுகின்றது.

ஆகவே, ஒரே சிறகின் கீழ்ப்புறம் வாலஸுக்கும் மேற்புறம் டார்வினுக்கும் சான்று பகர்கின்றன. பகைவர் கண்ணும் துணையின் கண்ணும் ஒருங்கே செதுக்கிய வடிவமே அச்சிறகு. தேர்ந்து கொள்ளும் ஆற்றல் சிற்றுயிர்க்கும் உண்டென்பது இன்று துணியப்பட்ட உண்மை. ஆதலின் ஒரு சிறகின் பொருளை உணர விழைவோர், அதனைக் காணும் கண் யாருடையது என்பதை முதற்கண் வினவுதல் வேண்டும்.